சந்தேகத்தின் பலன் யாருக்கு?

பெங்களூரில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும். மதகு வழியாகத் தண்ணீர் விழும் இடத்தில் திரண்டு, ஆற்றோடு நகர்ந்து, தட்டிகானப்பள்ளி பக்கம் தரைப்பாலத்தையே மூடிவிடும். 2024 அக்டோபர் மழையிலும் இதுதான் நடந்தது. காற்று பலமாக அடித்தால் நுரை பறந்து வயலில் விழுகிறது. பத்திரிகைகள் படம் போடுகின்றன, அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள், பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போகிறார்கள். அதற்குப் பிறகு கடிதம் எழுதப்படுகிறது. அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இம்மாதிரிக் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஓடும் ஆறு என்பதால் வேறு வழியும் இல்லை. அவற்றின் அச்சு நமக்குப் பழகியதுதான்: 'த ஃப்ராத் மே பி டியூ டு த டிஸ்சார்ஜ் ஆஃப் எஃப்ளுயென்ட்ஸ் இன் த அப்ஸ்ட்ரீம் ஏரியாஸ்.' மேல்பகுதியில் கழிவு விடப்படுவதால் நுரை வந்திருக்கலாம் என்கிறது இந்த வாக்கியம். இலக்கணப் பிழை எதுவும் இதில் கிடையாது. ஆனால் கழிவு விடப்படுகிறதே தவிர, விடுகிறவர் யாரும் வாக்கியத்தில் இல்லை. வந்திருக்கலாம் என்பது எவ்வளவு நிச்சயம் என்று தெரியவில்லை. அப்படி இருந்தால் கீழே இருக்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் இல்லை. ஆங்கிலத்தில் ஐயத்தை எழுதும் வழக்கம் நம் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் எப்படி வேரூன்றியிருக்கிறது, அதனால் என்ன நன்மை, யாருக்குக் கேடு என்பதைப் பார்க்க இந்த ஒரு வாக்கியமே போதும்.

முதலில் அந்த 'மே' என்ற சொல்லின் பக்கம் நின்று பேச வேண்டும். கெலவரப்பள்ளியில் ஐயம் உண்மையானது. இந்த அணை நிற்கும் தென்பெண்ணை ஆறு நந்திமலைப் பக்கம் பிறந்து, சிக்கபள்ளாப்பூர், பெங்களூர் ஊரகப் பகுதிகள் வழியாக நம் எல்லைக்கு வருகிறது. நடுவழியில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரி நீர் அதில் சேர்கிறது. 2015இலும் 2017இலும் தீப்பிடித்து உலகச் செய்தியான ஏரிதான் பெல்லந்தூர். லட்சக்கணக்கான வீடுகளின் குளியல் நீரும் துணி துவைத்த நீரும் அங்கே போய்ச் சேருகின்றன; ஆலைக் கழிவும் சேருகிறது. அங்கே எழும் நுரையை ஆராய்ந்த இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள், சவர்க்காரப் பொருள் ஏரியின் அடிச்சேற்றில் தங்கி, மழை வெள்ளத்தில் கிளறப்படுவதை முக்கியமான காரணமாகச் சொன்னார்கள். அப்படியானால் இன்று கெலவரப்பள்ளியில் பொங்கும் நுரைக்கான சோப்பு போன மாதம் யாரோ துவைத்த துணியிலிருந்து வந்ததாக இருக்கலாம். நேற்றிரவு ஏதோ ஓர் ஆலை திறந்துவிட்டதாகவும் இருக்கலாம். இதில் எது எத்தனை பங்கு என்பதை ஒரு பாட்டில் தண்ணீரை வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சொன்னால் அது பொய்.

ஆய்வுக்கூடம் இந்த இடத்தில் காட்டும் நேர்மை எனக்குப் பிடித்தமானது. தண்ணீரில் சவர்க்காரம் இருக்கிறதா என்று பார்க்க மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தைச் சேர்ப்பார்கள். பிறகு குளோரோஃபார்ம் ஊற்றிக் குலுக்குவார்கள். சவர்க்காரம் சாயத்தோடு கைகோத்துக்கொண்டு தண்ணீரை விட்டுக் குளோரோஃபார்முக்குள் இறங்கும். அடியில் நிற்கும் நீலம் எவ்வளவு அடர்த்தி என்று கருவியில் அளப்பார்கள். ஆனால் ஆற்றுத் தண்ணீரில் சாயத்தைப் பிடித்து இழுக்கிற பொருள்கள் வேறு சிலவும் உண்டு. அதனால் முடிவை எழுதும்போது 'சவர்க்காரம் இத்தனை மில்லிகிராம்' என்று எழுதிவிடுவதில்லை. 'மெத்திலீன் ப்ளூவோடு வினைபுரியும் பொருள்கள் இத்தனை மில்லிகிராம்' என்று எழுதுகிறார்கள். எம்.பி.ஏ.எஸ். என்ற அந்தச் சுருக்கெழுத்துக்கு அர்த்தம் இதுதான். தான் எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை என்பதை அளவையின் பெயரே ஒப்புக்கொள்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1 மில்லிகிராம் வரை. ஐயமும் இருக்கிறது, அளவும் இருக்கிறது. ஆங்கில அறிவியல் எழுத்து கடந்த சில நூற்றாண்டுகளில் உலகுக்குக் கொடுத்த நல்ல பழக்கங்களில் இதை முன்வரிசையில் வைப்பேன். தெரிந்தது இதுவரை, ஊகம் இங்கிருந்து என்று வாக்கியத்துக்குள்ளேயே வரப்புக் கட்டும் பழக்கம் அது.

அந்தப் பழக்கம் நம்மிடம் வந்து சேர்ந்த வழிதான் வேறு. தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை 'மே' என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே முதலில் கற்கிறது? வகுப்பறை வாசலில். 'மே ஐ கம் இன், சார்?' அங்கே அது பணிவு. பிறகு இலக்கணப் பாடத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புகையில் ஒரு மதிப்பெண். வேலைக்குப் போனபின் கோப்பில் 'மே கைண்ட்லி பி அப்ரூவ்ட்', 'த சேம் மே பி எக்ஸாமின்ட்'. அங்கே அது விண்ணப்பம், மேலதிகாரி முன்னால் கைகட்டி நிற்கும் சொல். எவ்வளவு நிச்சயம் என்று அளந்து சொல்ல உதவும் கருவியாக அந்தச் சொல்லை நமக்கு யாரும் கையில் கொடுக்கவே இல்லை. ஆகவே நுரையைப் பற்றி எழுத உட்கார்கிற அலுவலரின் பேனாவில் வரும் 'மே', பாதி பணிவாகவும் பாதி தற்காப்பாகவும் வருகிறது.

தற்காப்பு என்றதும் அவரைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உறுதியாக எழுதி, பிறகு அது தவறு என்று ஆனால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி மெமோ அவர் மேசைக்குத்தான் வரும். பட்டும்படாமல் எழுதியதற்காக யாருக்கும் மெமோ வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எழுதுகிறவரை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம்தான் மொழி சாயும்.

அளவு சொல்லாத ஐயம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் அமெரிக்க உதாரணம் புகழ்பெற்றது. 1951இல் யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நடக்குமா என்று அமெரிக்க உளவுத்துறை ஓர் அறிக்கை தயாரித்தது. 'சீரியஸ் பாசிபிலிடி' என்று அதில் எழுதினார்கள். அறிக்கையைத் தயாரித்த குழுவைச் சேர்ந்த ஷெர்மன் கென்ட், அதை ஏற்றுக் கையெழுத்திட்ட சக அதிகாரிகளிடம் பின்னர் தனித்தனியாகக் கேட்டார்: நூற்றுக்கு எத்தனை என்று நினைத்து ஒப்புக்கொண்டீர்கள்? 20 என்று சொன்னவரும் இருந்தார், 80 என்று சொன்னவரும் இருந்தார். ஒரே வாக்கியத்தின் கீழ் எதிரெதிர் கருத்துகள் கையெழுத்துப் போட்டிருந்தன. 1964இல் கென்ட் இதை ஒரு கட்டுரையாகவே எழுதினார். இன்ன சொல்லுக்கு இன்ன சதவீதம் என்று அட்டவணை வேண்டும் என்று வாதாடினார்.

அட்டவணை இப்போது சில இடங்களில் இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் அறிக்கையில் 'லைக்லி' என்றால் 25 முதல் 50 சதவீத வாய்ப்பு. 'வெரி லைக்லி' என்றால் 50 முதல் 75. காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா.வின் ஐ.பி.சி.சி. குழுவுக்கு அதே 'லைக்லி' 66 சதவீதத்துக்கு மேல். 'வெரி லைக்லி' 90க்கு மேல். ஆக, ஓசூரில் நாளை மழை 'லைக்லி' என்று ஒருவர் படிக்கும்போது, அது பெய்யாமல் போகத்தான் கூடுதல் வாய்ப்பு. பூமி சூடாவதைப் பற்றிப் படிக்கும்போது அதே சொல், நடக்கத்தான் போகிறது என்ற பக்கம் நிற்கிறது. இரண்டு அமைப்புகளும் தங்கள் அட்டவணையை வெளியிடுவதற்காகப் பாராட்ட வேண்டும். ஆனாலும் அட்டவணை எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்து பயன் இல்லை. ஐ.பி.சி.சி.யின் சொற்களைப் பொதுமக்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று 2009இல் வெளியான உளவியல் ஆய்வு பார்த்தது. அட்டவணை இருந்தும் வாசகர்கள் எல்லாச் சொற்களையும் நடுப்பக்கம், ஐம்பதுக்கு ஐம்பது நோக்கி இழுத்துக்கொண்டார்கள். சொல்லுக்குப் பக்கத்திலேயே எண்ணையும் எழுதியபோது புரிதல் மேம்பட்டது.

இந்த விஷயத்தில் ஓசூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிப்காட்டுக்குள் இருக்கும் வாகன உதிரிபாகக் கம்பெனி எதிலும் எஃப்.எம்.இ.ஏ. என்ற தாளைப் பார்க்கலாம். பெயரின் தொடக்கத்திலேயே 'பொட்டென்ஷியல்' என்று வரும்: நேரக்கூடிய பழுதுகளும் அவற்றின் விளைவுகளும் பற்றிய ஆய்வு. இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றி மட்டுமே எழுதும் ஆங்கிலம் அது. ஒரு பிரேக் பிராக்கெட்டில் போல்ட்டு முறுக்குகிற வேலையை எடுத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில், முறுக்கு குறைவாக இருக்கலாம் என்று பழுதை எழுதுவார்கள். அடுத்து விளைவு: ஓட்டத்தில் போல்ட்டு தளர்ந்து பிரேக் பிடிக்காமல் போகலாம். அதற்கு 'சிவியாரிட்டி' 10. எதனால் குறையலாம், எத்தனை முறை நேரலாம், அதற்கு 1 முதல் 10க்குள் ஓர் எண். வண்டி வெளியே போகும் முன் கண்டுபிடித்துவிட வாய்ப்பு எவ்வளவு, அதற்கும் ஓர் எண். கடைசிக் கட்டங்களில் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு 'இருக்கலாம்'க்கும் அளவும் ஆளும் நாளும் உண்டு. கெலவரப்பள்ளிக் கடிதத்தில் இல்லாத மூன்றும் அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், பட்டறைச் சுவரில் ஒட்டிய தாளில் இருக்கின்றன.

அந்தத் தாளிலும் ஓட்டை உண்டு என்பதை அங்கே வேலை செய்கிறவர்களே சொல்வார்கள். மூன்று எண்களையும் பெருக்கி ஆர்.பி.என். என்று ஒரே எண்ணாக்கி, பெரிய எண்ணிலிருந்து வேலையைத் தொடங்குவது நெடுநாள் வழக்கம். பிரேக் பிடிக்காமல் ஆள் சாகும் பழுதுக்கு 10, 2, 2 என்று போட்டால் பெருக்குத்தொகை 40. பெயின்டில் கீறல் விழும் பழுதுக்கு 2, 4, 5 என்று போட்டாலும் 40. எண் வந்துவிட்டதாலேயே ஐயம் தெளிவாகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 2019இல் வந்த புதிய கையேடு இந்தப் பெருக்கலைக் கைவிட்டு, ஆபத்தின் கடுமைக்கு முதலிடம் கொடுத்தது. ஆடிட்டுக்கு முந்தின நாள் பழைய பாகத்தின் தாளைக் காப்பி பேஸ்ட் செய்து பெயரை மட்டும் மாற்றும் பழக்கத்தை எந்தக் கையேட்டாலும் மாற்ற முடியாது. அது வேறு நோய்.

அதே பட்டறையில் இன்னொரு தாள் இருக்கிறது. 8டி ரிப்போர்ட். பழுதான பாகம் வாடிக்கையாளர் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து புகார் வந்தால் எழுதுவது. உடனடித் தடுப்பு என்ன, மூல காரணம் என்ன என்று சில நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கே ஐயத்துக்கு இடமில்லை. 'மே பி' என்று எழுதி அனுப்பினால் திரும்பி வரும். ஆகவே பல தாள்களில் 'ரூட் காஸ்' என்ற கட்டத்தில் 'ஆபரேட்டர் நெக்லிஜென்ஸ்' என்று ஒரே வரி. எதிரே 'ட்ரெய்னிங் கிவன்'. கருவி தேய்ந்திருந்ததா, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் எண்ணிக்கை முடிக்கச் சொல்லி நெருக்கினார்களா, வந்த கம்பியே சரியில்லையா என்பதெல்லாம் உறுதியாகத் தெரியவில்லை. தெரியாத எல்லாவற்றையும் தூக்கி, அந்த நேரத்தில் மெஷினில் நின்ற கான்ட்ராக்ட் தொழிலாளி தலையில் வைத்தாயிற்று. அவர் தருமபுரிப் பக்கத்துப் பையனாக இருப்பார், அல்லது ஒடிசாவிலிருந்து வந்தவராக இருப்பார். தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் இவ்வளவு உறுதியாக ஒரு வாக்கியம் எழுதப்பட்டிருப்பது அவருக்குத் தெரியாது. அந்த வாக்கியத்தில் 'மே' என்ற சொல் கட்டாயம் இருந்திருக்க வேண்டும்.

நான் சொல்ல வருவது இதுதான். ஐயச் சொற்களை அதிகமாகப் பயன்படுத்துகிறோம் என்றோ குறைவாகப் பயன்படுத்துகிறோம் என்றோ பொதுவாகக் குறை சொல்லிப் பயனில்லை. அவை பலமுள்ளவர் பக்கம் தாராளமாகவும் பலமற்றவர் பக்கம் கஞ்சத்தனமாகவும் செலவாகின்றன. மேல்பகுதியில் கழிவு விட்டவருக்கு 'மே பி'. மெஷினில் நின்ற பையனுக்கு 'நெக்லிஜென்ஸ்'. இரண்டு வாக்கியங்களுக்கும் பின்னால் இருக்கும் ஆதாரத்தை எடுத்துப் பார்த்தால் நுரையைப் பற்றிய ஆதாரம்தான் வலுவாக இருக்கும்.

கோர்ட் தமிழில் 'சந்தேகத்தின் பலன்' என்று ஒரு தொடர் உண்டு. குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படாவிட்டால் அதன் பலன் எதிரிக்கு, விடுதலை. ஒரு மனிதனைச் சிறையில் அடைக்க அரசு கிளம்பும்போது அது நியாயமான விதி. எதிரில் நிற்பவன் அரசைவிடப் பலமற்றவன். ஆனால் அந்த விதியை அப்படியே தூக்கிவந்து ஆற்றங்கரையில் வைத்தால், பலன் கழிவு விடுகிறவருக்குப் போகிறது, விலை கொடுப்பவர் அணைக்குக் கீழே 8,000 ஏக்கரில் நெல்லும் ராகியும் காய்கறியும் போடுகிறவர். இந்தத் தலைகீழை உச்ச நீதிமன்றமே ஒருமுறை நிமிர்த்தி வைத்தது. அதுவும் நமக்குப் பக்கத்து ஊர் வழக்கில். பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொன்னது: கடுமையான, திரும்பச் சரிசெய்ய முடியாத கேடு வரும் அபாயம் இருந்தால், அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது, கேடு இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது. 1999இல் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வழக்கில் அறிவியலுக்கே உரிய நிச்சயமின்மையைப் பற்றி அதே நீதிமன்றம் இன்னும் விரிவாகப் பேசியது.

தீர்ப்பு வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. கடிதங்களின் ஆங்கிலம் மட்டும் பழைய கிரிமினல் கோர்ட் விதியிலேயே நிற்கிறது. 'மே பி' என்று எழுதியதும் கோப்பு தூங்கப் போகிறது. வேலூர்த் தீர்ப்பின்படி பார்த்தால் அந்தச் சொல் விழுந்த நிமிடத்தில்தான் வேலையே தொடங்க வேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். நீர் ஆய்வு அறிக்கைகளில் பல உலோகங்களுக்கு எதிரே 'பி.டி.எல்.' என்று இருக்கும். கண்டறியும் அளவுக்குக் கீழே என்று பொருள். கருவிக்கு அதற்குக் கீழே கண் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் படிக்கிறவர்கள் 'இல்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். கருவியின் எல்லை எவ்வளவு என்று பக்கத்தில் எழுதாவிட்டால், அனுமதிக்கப்பட்ட அளவைவிட அந்த எல்லையே பெரிதாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது. அப்படி ஓர் அறிக்கையில் பி.டி.எல். என்பது மங்கலான கண்ணாடி போட்டுக்கொண்டு வழியில் யாரும் இல்லை என்று சொல்வதைப் போன்றது.

கெலவரப்பள்ளிக்குக் கீழே இதே தென்பெண்ணையில் கிருஷ்ணகிரி அணையும், அதற்கும் கீழே திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணையும் இருக்கின்றன. ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின. ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. மக்களை உரியபடி எச்சரிக்கவில்லை என்றன எதிர்க்கட்சிகள். எச்சரிக்கை போனதா இல்லையா என்பதிலேயே வாதம் நின்றுவிட்டது. எச்சரிக்கையின் வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வியும் அதே அளவுக்கு முக்கியமானது. நீர்வரத்து அதிகரிக்கக்கூடும், கரையோர மக்கள் பாதுகாப்பாக இருக்கவும் என்ற வாக்கியத்தைக் கேட்டு நள்ளிரவில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எவர் கிளம்புவார்? இன்ன ஊரில், இத்தனை மணிக்கு, தெருவில் இவ்வளவு தண்ணீர் நிற்க நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று கேட்டால் கிளம்புவார்கள். எண் தவறாகப் போகலாம். தவறிய எண்ணை அடுத்த முறை திருத்தலாம். 'கூடும்' என்ற சொல்லைத் திருத்த அதில் எதுவும் இல்லை.

வாய்ப்பை எண்ணால் சொன்னால் சாதாரண மக்களுக்குப் புரியாது என்று ஒரு வாதம் எப்போதும் வரும். நான் ஏற்கவில்லை. சீட்டுப் பிடிக்கிறவருக்கும், பாகலூர்ப் பக்கம் ரோஜா போட்டுவிட்டுப் பண்டிகை விலைக்குக் காத்திருக்கிறவருக்கும் வாய்ப்புக் கணக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். பத்துக்கு எட்டு என்று சொன்னால் அவர்கள் முடிவெடுத்துக்கொள்வார்கள். மேலிடத்துக்குப் போகும் ஆங்கிலத்தில்தான் எண் தயங்குகிறது. எண் எழுதினால் அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே கெலவரப்பள்ளியில் அடுத்தமுறை நுரை எழும்போது எழுதப்படும் கடிதம் இப்படி இருக்கட்டும் என்று கேட்கிறேன். இன்ன தேதி, இன்ன மணிக்கு, மதகுக்குக் கீழே எடுத்த மாதிரியில் மெத்திலீன் ப்ளூ பொருள்கள் இத்தனை மில்லிகிராம். குடிநீர் அளவு 0.2. எல்லையைத் தாண்டி நீர் நுழையும் இடத்தில் அதே நாள் எடுத்த மாதிரியில் இத்தனை. ஓசூர்ப் பக்கத்து ஓடைகள் சேரும் இடத்தில் இத்தனை. இவற்றை வைத்துப் பார்த்தால் பெரும்பங்கு மேலிருந்து வந்தது என்பதற்குப் பத்தில் இத்தனை வாய்ப்பு. மீதி ஐயத்தைத் தீர்க்க இன்ன மாதிரிகள் வேண்டும், அவற்றின் முடிவு இன்ன தேதியில் வரும். அதுவரை கால்நடைகளை ஆற்றில் இறக்க வேண்டாம். அவற்றுக்குத் தொட்டித் தண்ணீர் இன்ன இடங்களில் கிடைக்கும், செலவு இன்ன கணக்கில். இதன் தமிழ் வடிவம் ஆங்கிலக் கடிதம் போகும் அதே நாளில் தட்டிகானப்பள்ளி தரைப்பாலத்தின் இரண்டு முனையிலும் பலகையில் ஏற வேண்டும், கீழே கையெழுத்திட்டவரின் பதவியோடும் தொலைபேசி எண்ணோடும்.